புகையிலிருந்து வினைவரை

தர்க்க சாஸ்திரம் பயிலப் புகுந்த மாணவனுக்கு ஆசிரியர் முதலில் காட்டுவது ஒரு மலை. மலைமேல் புகை எழுகிறது. நெருப்போ கண்ணுக்குத் தெரியவில்லை. எனினும் புகை உள்ள இடத்தில் நெருப்பும் உண்டு என்பதை அடுக்களையில் நாள்தோறும் கண்டு பழகியவனாதலால், அம்மலையில் நெருப்பிருப்பதை அவன் ஐயமின்றித் துணிகிறான். அன்னம்பட்டரின் தர்க்கசங்கிரகம் அனுமானத்தை விளக்குவது இவ்வுதாரணத்தைக் கொண்டே. நம் மணிமேகலையின் தர்க்கப் பகுதியிலும் இப்புகையும் இந்நெருப்பும் வருகின்றன. பிறர் பலவாக விரித்த பிரமாணங்களைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கிக்கொண்ட சைவ சித்தாந்திகளும், இறைவனுடைய இருப்பை நாட்டும்போது கருதல் அளவையையே பெரிதும் துணைக்கொள்கிறார்கள். உலகம் தோன்றி நின்று அழியும் காரியமாக இருப்பதால் அதற்கு ஒரு கர்த்தா வேண்டும் என்பது, புகை கண்டு நெருப்பைத் துணியும் அதே நடையில் அமைந்த வாதம். நம் தத்துவ ஞானிகள் நூற்றாண்டு நூற்றாண்டாக ஏறி இறங்கிய இந்த மலை, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், மழை பொய்த்த ஆண்டுகளில், சிங்கப்பூரின் வடக்கேயுள்ள செம்பவாங்கில் வசிப்பவர்களுக்குப் பாடப்புத்தகத்தை விட்டு இறங்கிவந்து மூச்சுக்குழலிலேயே உட்கார்ந்துகொள்கிறது.

செம்பவாங் பூங்காவின் கரையில் நின்று கடலை நோக்குபவனுக்கு, ஜோகூர் நீரிணைக்கு அப்பால், மலேசியக் கரையிலுள்ள பாசிர் கூடாங்கின் ஆலைகளும் அவற்றின் புகைபோக்கிகளும் நன்றாகத் தென்படும். புகைமூட்டம் கவிந்த ஒரு காலையில், தொண்டை கரகரக்க, கண் எரிய அங்கே நிற்பவன், எதிரே தெரியும் புகைபோக்கிகளையே காரணமாகக் கொள்வது மனித சுபாவம். ஆனால் அவனை வருத்தும் புகை அவன் பார்த்துக்கொண்டிருக்கும் திசையிலிருந்து வருவதே இல்லை. அவன் முதுகுப்புறத்திலிருந்து, தீவு முழுவதையும் தாண்டி, மலாக்கா நீரிணைக்கு அப்பாலுள்ள சுமத்ராவிலிருந்து வருகிறது. நையாயிகர்களின் பரிபாஷையில் சொன்னால், ஏதுவாகிய புகையில் பிழையில்லை, சாத்தியமாகிய நெருப்பிலும் பிழையில்லை. பக்ஷமாகிய மலையைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டான். நெருப்புக்கும் புகைக்கும் இடையே ஒரு கடலும் ஒரு தேச எல்லையும் கிடக்குமானால், அனுமானம் எவ்வளவு எளிதாக அயலானுடைய வாசற்படியில் போய் விழுகிறது பாருங்கள்!

நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1997-ஆம் ஆண்டின் பெரும் புகைமூட்டத்தில் சிங்கப்பூரின் காற்றுத் தரக் குறியீடு 226 வரை ஏறியபோது, இதற்கு மேல் ஒன்று வராது என்று பலரும் நினைத்தார்கள். 2013 ஜூன் 21-ஆம் தேதி நண்பகலில், சுமத்ராவின் ரியாவ் மாநிலத்துத் தீயினால், மூன்று மணி நேரக் குறியீடு 401-ஐத் தொட்டது. 2015-இல் எல் நினோவின் வறட்சியோடு சேர்ந்து வந்த புகைமூட்டம் வாரக்கணக்கில் நீடித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி தொடக்கப் பள்ளிகளையும் உயர்நிலைப் பள்ளிகளையும் அரசாங்கம் மூடியது. எதிர் புளோக்கின் சுவரில் எழுதிய எண்ணே தெரியாத அந்நாட்களில், தேசியச் சுற்றுப்புற வாரியம் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என ஐந்து வட்டாரங்களுக்கும் மணிதோறும் அறிவித்த எண்களில், வடக்கு என்ற வரியைச் செம்பவாங்வாசிகள் பஞ்சாங்கம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் குறியீடு ஆறு பொருள்களை அளந்து அமைவது. நுண்துகள்கள் இரண்டு வகை, கந்தக டையாக்சைடு, நைட்ரஜன் டையாக்சைடு, ஓசோன் ஆகியவற்றோடு ஆறாவதாகக் கார்பன் மோனாக்சைடும் அதில் உண்டு. நான் இங்கே விசாரிக்க எடுத்துக்கொண்டது இந்த ஆறாவதை. உண்மையைச் சொல்வதானால், செம்பவாங்கில் மூச்சை அடைத்தது இது அன்று. குறியீட்டை ஏற்றியவை நுண்துகள்களே. எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 10 மில்லிகிராம் என்று வைத்த எல்லைக்குள்ளேயே இந்த வாயு பெரும்பாலும் அடங்கி நின்றது. அப்படியானால் அதை ஏன் இவ்வளவு சிரத்தையோடு அளக்கிறார்கள்? குற்றவாளி என்பதற்காக அல்ல, சாட்சி என்பதற்காக.

நியாய நூலார் செய்யும் ஓர் எச்சரிக்கை இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. தொலைவில் தெரியும் மூடுபனியையோ புழுதியையோ புகையென்று கொண்டு நெருப்பைத் துணிபவனுடைய அனுமானம், அதன் முடிவு தற்செயலாக மெய்யாகிவிட்டாலும்கூட, அனுமானமாகாது என்பார்கள். மழை பெய்து ஓய்ந்த விடியலில் நீரிணையின்மேல் படியும் மூடுபனிக்கும், சுமத்ராவின் புகைக்கும் நிறத்தில் அதிக வேறுபாடு கிடையாது. மூக்கு ஓரளவு சொல்லும். அதுவும் பழகிவிட்டால் சொல்லாது. ஆனால் பனியில் கார்பன் மோனாக்சைடு இராது. நிறமற்றதும், மணமற்றதும், காற்றோடு ஏறத்தாழ ஒத்த எடையுள்ளதுமான இவ்வாயு, நம் ஐம்பொறிகளில் எதற்கும் அகப்படாமல் உள்ளே புகுந்து, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றோடு பிடித்துக்கொள்ளும். இந்திரியங்களுக்கு எட்டாத அதுவே, எரிதல் எங்கே நிகழ்ந்தது என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் புகையைவிட உறுதியான அடையாளமாக அமைந்திருக்கிறது. புகைத்துகள் ஒரு மழையில் கரைந்துபோகும். மழை இல்லாவிட்டாலும் ஒரு வாரம், பத்து நாளில் படிந்துவிடும். இவ்வாயுவோ ஏறத்தாழ இரண்டு மாதம் வானில் உலவி, சமுத்திரங்களைக் கடந்து சென்று, தான் புறப்பட்ட இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இது எவ்வாறு பிறக்கிறது என்பதிலேயே ஒரு தத்துவச் சுவை இருக்கிறது. புகையிலிருந்து நெருப்பைத் துணியலாம். நெருப்பிலிருந்து புகையைத் துணியலாகாது என்பது தர்க்க மாணவன் கற்கும் இரண்டாம் பாடம். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகின் சேர்க்கை என்னும் உபாதி இருந்தால்தான் நெருப்பு புகையைத் தரும். செம்பவாங்கிலேயே இதற்கு ஒரு காட்சி இருக்கிறது. அங்குள்ள வெந்நீர் ஊற்றில் சுமார் 70 பாகை வெப்பமுள்ள நீர் சுரக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வந்து முட்டை வேகவைத்துத் தின்கிறார்கள். புகை என்ற பேச்சே இல்லை. பூமிக்கடியில் உள்ளது நெருப்பு அன்று, ஆழத்துக் கற்பாறையின் சூடு என்பது தெரிந்ததே. ஆயினும் தர்க்க வாத்தியார் ஒருவர் இவ்வூரில் இருந்தால் இரும்புக் குண்டைத் தேடி அலையமாட்டார்.

சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரிவது இதற்கு நேர்மாறான நெருப்பு. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மரமும் இலையும் வேரும் நீரில் ஊறி, மக்கியும் மக்காமலும் பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்து கிடக்கும் சதுப்புக்கரி நிலங்களைக் கால்வாய் வெட்டி வடித்துவிட்டு, செம்பனைக்கும் காகிதக்கூழ் மரத்துக்குமாகத் தீயிட்டுத் திருத்துகிறார்கள். 1990-களின் நடுவில், சுஹார்த்தோ காலத்தில், மத்திய கலிமந்தானில் 10 லட்சம் ஹெக்டர் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்கப் போவதாகத் தொடங்கி, நெல்லும் விளையாமல் நீரும் நில்லாமல் முடிந்த பெருந்திட்டம் ஒன்றே இதன் கேட்டுக்குப் போதிய சான்று. மேலே காய்ந்து உள்ளே ஈரம் மிச்சமிருக்கும் அந்தக் கரியில் பற்றிய தீ சுடர்விட்டு எரிவதில்லை; போதிய காற்றில்லாத மண்ணுக்கடியில் மாதக்கணக்கில் கனன்று ஊர்ந்துகொண்டே போகும்; பெருமழை ஒன்றைத் தவிர வேறெதற்கும் அது அடங்காது. நன்கு காற்றோட்டமுள்ள தீ கரியைக் கார்பன் டையாக்சைடாக முற்ற எரித்துவிடுகிறது. மூச்சுத் திணறும் தீ பாதியில் நின்று கார்பன் மோனாக்சைடை விடுகிறது. புல்வெளித் தீ ஒரு கிலோ எரிபொருளுக்கு 60, 70 கிராம் அளவில் விடும் இவ்வாயுவை, சதுப்புக்கரித் தீ 200 முதல் 300 கிராம் வரை விடுகிறது. உபாதி என்று சாஸ்திரம் சொன்ன ஈர விறகு, அங்கே ஒரு தேசத்தின் அளவுக்குப் பரந்து கிடக்கிறது.

இனி, பொறிகளுக்கு எட்டாத ஒன்றை அளக்கும் விதம். வளிமண்டலத்தில் இவ்வாயு இருக்கிறது என்பதையே பெல்ஜிய நாட்டு விஞ்ஞானி மார்செல் மிஜோத் 1940-களின் இறுதியில்தான், சூரிய ஒளியின் அகச்சிவப்பு நிறமாலையில் 4.7 மைக்ரான் அலைநீளத்தருகே விழுந்திருந்த கருங்கோடுகளைக் கொண்டு கண்டுபிடித்தார். ஒளி இல்லாமையைக் கண்டு பொருளின் உண்மையைத் துணிந்தார் என்றால் மிகையாகாது. 1981 நவம்பரில் கொலம்பியா விண்கலத்தின் இரண்டாம் பயணத்தில் அனுப்பப்பட்ட ஒரு கருவி, இவ்வாயு தொழிற்சாலைகள் மலிந்த வட நாடுகளின் மேல்தான் அடர்ந்திருக்கும் என்ற எண்ணத்துக்கு மாறாக, வெப்ப மண்டலத்தில் காடும் புல்லும் எரியும் நிலப்பகுதிகளின் மேல் குவிந்திருக்கக் காட்டியது. 1999 டிசம்பரில் டெர்ரா என்னும் செயற்கைக்கோளில் ஏறிச் சென்ற மாபிட் என்ற கனேடியக் கருவி, 705 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பூமி முழுவதையும் சுற்றிச் சுற்றி அளந்தது. அதன் உபாயம் வியக்கத்தக்கது. கருவிக்குள்ளேயே ஒரு சிறு கூட்டில் கார்பன் மோனாக்சைடை அடைத்துவைத்து, பூமியிலிருந்து வரும் ஒளியை அதனூடே செலுத்தி, கூட்டிலுள்ள வாயுவின் அழுத்தத்தையும் நீளத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அப்போது ஒளியில் எந்தப் பகுதி இவ்வாயுவின் கைபட்டு வந்தது என்பது தனித்துத் தெரியவந்தது. அவ்வாயுவை அவ்வாயுவே காட்டிக்கொடுத்தது. இறைவனை அவன் அருளாலன்றி அறிய வொண்ணாது என்று கேட்டு வளர்ந்த சைவர்களுக்கு இதைப் படிக்கும்போது ஒரு புன்னகை எழும். எழட்டும், ஆனால் உவமையை அதற்குமேல் நீட்டக் கூடாது. அருள் வேறு, அழுத்தமாற்றம் வேறு.

இக்கருவி தந்த எண் எந்தப் பிரமாணத்தைச் சேர்ந்தது என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதன்று. ஒளி வந்து விழுந்தது காண்டல். அவ்வொளியின் குறையிலிருந்து வாயுவின் அளவைக் கணிப்பது கருதல். அத்தோடு முடியவில்லை. வந்த ஒளி ஒன்றைக்கொண்டு மட்டும் கணக்குத் தீராதாகையால், இம்மாதத்தில் இவ்விடத்தில் இவ்வாயு சாதாரணமாக எவ்வளவு இருக்கும் என்று முன்னரே வகுத்துவைத்த ஓர் அறிவையும் உடன்கூட்டித்தான் விடை காண்கிறார்கள். ஒளி தெளிவாகச் சொன்ன இடத்தில் ஒளியையும், அது தடுமாறிய இடத்தில் முன்னறிவையும் நம்புமாறு அக்கணக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. முன்னோர் சொல்லிவைத்ததைத் தக்க அளவில் ஏற்றுக்கொள்வதற்கு நம்மவர் உரை அளவை என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஆகமத்தை நம்புகிறவனைப் பார்த்து அளவுகருவியை மட்டுமே நம்புவதாகப் பெருமைப்படுகிறவர்கள், அளவுகருவியின் வயிற்றுக்குள்ளும் ஓர் ஆகமம் இருப்பதை அறிந்தால் சற்று அடக்கமாகப் பேசுவார்கள். அதேபோல் விஞ்ஞானத்தை இகழும் வைதிகர்களும் ஒன்றை அறியவேண்டும். அந்த முன்னறிவின் பங்கு எவ்வளவு, கண்டதன் பங்கு எவ்வளவு என்பதை ஒவ்வோர் எண்ணோடும் கூடவே எழுதி வெளியிடுகிற நேர்மை அவர்களிடம் இருக்கிறது. நம் மடங்களில் நான் அதை அதிகம் கண்டதில்லை.

மாபிட் கருவிக்குக் குறைகளும் இருந்தன. அதன் ஒரு கட்டம் 22 கிலோமீட்டர்ச் சதுரம். அதற்குள் செம்பவாங்கும் ஈசூனும் நீரிணையும் பாசிர் கூடாங்கும் சேர்ந்தே அடங்கிவிடக்கூடும். 2017-இல் ஏவப்பட்ட ஐரோப்பியக் கருவியான ட்ரோப்போமி, ஏறத்தாழ 7 கிலோமீட்டர் அளவுக்கு நுணுகிப் பார்க்கிறது. மேகம் மறைத்தால் இத்தகைய கருவிகளால் சரியாகப் பார்க்க முடிவதில்லை. அடர்ந்த புகையையே மேகமென்று கொண்டு தள்ளிவிடும் அபாயமும் உண்டு. மேலும், இவ்வாயு காட்டுத் தீயில் மட்டும் பிறப்பதன்று. மோட்டார் வண்டியும், கப்பலும், அடுப்பும் இதை விடுகின்றன. மரங்கள் விடும் ஆவியும் மீத்தேனும் வானில் சிதைந்துகூட இது உண்டாகிறது. ஆகவே இதை மட்டும் கண்டு தீயைத் துணிவது வியபிசாரம் என்னும் குற்றத்துக்கு உள்ளாகும். அக்குற்றம் நீங்கும்பொருட்டு, சாதாரண நாளின் அளவைக் கழிக்கிறார்கள். வெப்பப் புள்ளிகளைக் காட்டும் வேறு செயற்கைக்கோள்களோடு ஒப்பிடுகிறார்கள். காற்று வந்த வழியைப் பின்னோக்கிக் கணிக்கிறார்கள். மேற்குச் சுமத்ராவின் மலைமேல் புக்கிட் கோத்தோதபாங்கில் இருக்கும் உலக வளிமண்டல நிலையத்தைப் போன்ற தரைநிலையங்களில் நேரே அளந்து சரிபார்க்கிறார்கள். இவ்வளவும் செய்து, 2015 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தென்கிழக்காசியத் தீவுகளின் தீ நாளொன்றுக்கு வெளியிட்ட கரியமில வாயு சுமார் 113 லட்சம் டன் என்றும், அது ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் எரிபொருளால் நாளொன்றுக்கு வெளியிட்டதைவிட அதிகம் என்றும் கணக்கிட்டார்கள். அக்கணக்கின் கைப்பிடி இந்தக் கார்பன் மோனாக்சைடுதான். நெருப்பைச் சாட்சியாக வைத்து மணம் முடிக்கும் மரபில் வந்த நமக்கு, நெருப்புக்கே சாட்சி தேடவேண்டிய காலமும் வந்திருக்கிறது.

இதுவரை வந்த வழி அறிவின் வழி. புகையிலிருந்து நெருப்புக்கு வந்தாயிற்று. ஆனால் துன்பப்படுகிற மனிதன் கேட்பது நெருப்பு எங்கே என்பதை மட்டுமா?

2015-இல் பள்ளி மூடிய அந்நாட்களில் ஒரு மாலை, கேன்பரா சாலையை ஒட்டிய ஒரு புளோக்கில், மின்தூக்கிக்குக் காத்திருந்த ஓர் அம்மையார் என்னைப் பிடித்துக்கொண்டார். செம்பவாங் கடற்படைத் தளத்தில் பிரிட்டிஷார் இருந்த நாளிலேயே அங்கு வேலைக்கு வந்த குடும்பம் அவருடையது. கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பேரன், தன் முகத்துக்குப் பெரிதான முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு இருமிக்கொண்டிருந்தான்.

“ஏன் தம்பி, நீங்க நாலு புத்தகம் படிச்சவங்க. கொளுத்தினவன் எங்கேயோ இருக்கான். மூச்சு முட்டுறது இவனுக்கு. கோயில்ல ஒரு பெரியவர் சொல்றாரு, அவனவன் போன பிறவியில செஞ்சது அவனவனுக்கு வருதுன்னு. ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன தம்பி கணக்கு?”

நான் அன்று சொன்ன விடை எனக்கே திருப்தி அளிக்கவில்லை. அதை இங்கே எழுதவும் போவதில்லை. ஆனால் அக்கேள்வியை அதன்பின் நான் விடவில்லை.

கோயில் பெரியவர் சொன்னதில் சாஸ்திரப் பிழை ஏதும் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிராரத்தமாகிய வினை தன் பயனை ஊட்டும் வழிகளில் பிற உயிர்களால் வரும் துன்பமும் ஒன்று. ஆதிபௌதிகம் என்று அதற்குப் பெயரும் இட்டிருக்கிறார்கள். கேடும் ஆக்கமும் அயலார் தந்து வருவன அல்ல என்பதைக் கணியன் பூங்குன்றனாரும் புறநானூற்றின் 192-ஆம் பாடலில் அறுதியிட்டிருக்கிறார். சுமத்ராவில் ஒருவன் வைத்த தீ செம்பவாங்கில் ஒரு குழந்தையை இருமவைப்பதைக் கண்ணெதிரே காண்பவனுக்கு, அந்தப் பாடல் பொய்த்துப்போனதாகவே தோன்றும். ஆனால் அப்பாடலின் தொடக்கத்தில் புலவர் எல்லா ஊர்களையும் தம் ஊராகவும் எல்லோரையும் தம் உறவாகவும் கொண்டுவிட்டார் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். அயலான் என்று ஒருவனை வைத்துக்கொள்ளாதவன்தான் அயலானால் கேடு வராது என்று சொல்லும் உரிமையுடையவன். முதற் கூற்றை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்வது, நெருப்பு வைத்தவனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுப்பதாகவே முடியும்.

என் அபிப்பிராயம் இது. வினைக்கொள்கை தன்மைக்கு உரியது. முன்னிலைக்கும் படர்க்கைக்கும் உரியதன்று. என் துன்பத்தை என் வினையென்று நான் ஏற்றுக்கொண்டால் அது பக்குவம்; உன் துன்பம் உன் வினையென்று நான் உனக்குச் சொன்னால் அது கொடுமை; அவன் துன்பம் அவன் வினையென்று நாம் இருவரும் பேசிக்கொண்டால் அது சோம்பல். இன்னாருக்கு இன்ன வினையென்று அறியும் ஞானம் இறைவனுக்கே உண்டென்பதும், வினை ஜடமாதலால் அது தானே சென்று செய்தவனைப் பற்றாது, அறிவுடைய ஒரு முதல்வன் கூட்டவேண்டும் என்பதும் சித்தாந்தத்தின் துணிபு. அம்முதல்வனுடைய வேலையைக் கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் செய்யப் புகுவது அதிகப்பிரசங்கித்தனம். அதிலும் இவ்விஷயத்தில் அது முற்றிலும் இயலாத காரியம். ஹார்வர்ட், கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஒரு கணிப்பில், 2015-இன் புகையால் இந்தோனீசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அகால மரணமடைந்திருக்கக்கூடும் என்றும், அவர்களில் சுமார் 2,200 பேர் சிங்கப்பூரைச் சேர்ந்தவர்கள் என்றும் கண்டிருந்தது. அரசாங்கங்கள் அதனை ஏற்கவில்லை. கணிப்பு மிகையோ குறையோ, ஒன்று நிச்சயம்: அந்த இரண்டாயிரம் பேரில் ஒருவரையேனும் பெயர் சொல்லிக் காட்ட அக்கணிப்பு செய்தவர்களாலேயே முடியாது. முதியவர் ஒருவருடைய இதயம் அவ்வாரம் நின்றுபோனது. புகையில்லாவிட்டால் அடுத்த ஆண்டு நின்றிருக்குமோ என்னவோ. முகமில்லாத இந்த மரணங்களுக்கு முற்பிறவிக் கணக்கு எழுதப் புகுகிறவர் யார் பெயரில் எழுதுவார்?

படர்க்கையில் பேசவேண்டுமானால், அதற்கு வேறொரு நடை இருக்கிறது. 2014-இல் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எல்லை தாண்டிய புகைமூட்டத் தூய்மைக்கேட்டுச் சட்டத்தைப் படித்தபோது, அதில் நியாய சாஸ்திரம் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்பதைக் கண்டேன். சிங்கப்பூரில் புகைமூட்டம் இருந்தது. அதே சமயத்தில் வெளிநாட்டில் ஒரு நிலத்தில் தீ இருந்தது. காற்றின் போக்கும் செயற்கைக்கோள் செய்தியும் அத்தீயின் புகை இத்திசை நோக்கி வந்ததைக் காட்டுகின்றன. இவை மூன்றும் நிறுவப்பட்டால், இப்புகை அத்தீயினுடையதே என்று நீதிமன்றம் கொள்ளும். அல்லவென்று நாட்டவேண்டியது எதிராளியின் பொறுப்பு. நிலம் யாருடையது என்பதையும் வரைபடங்களைக்கொண்டு அவ்வாறே அனுமானிக்கலாம். குற்றம் நிலைபெற்றால் நாளொன்றுக்கு ஒரு லட்சம் வெள்ளி வரையில், மொத்தம் 20 லட்சம் வெள்ளிக்கு மேற்படாமல் அபராதம். புகையிலிருந்து நெருப்புக்கும், நெருப்பிலிருந்து நிலத்துக்கும், நிலத்திலிருந்து உடையவனுக்கும் படிப்படியாக நகர்கிற இந்த அனுமானம், வினை தானே சென்று செய்தவனைப் பற்றாது என்பதை உணர்ந்தவர்கள் மனித அளவில் செய்துபார்த்த ஏற்பாடு. 2015-இல் இந்தோனீசிய நிறுவனங்கள் சிலவற்றுக்கு இச்சட்டத்தின்படி அறிவிக்கைகள் சென்றன. காகிதத்தைக் கடல் தாண்டி அனுப்புவது எளிது. ஆளை வரவழைப்பது அவ்வளவு எளிதாக இல்லை.

ஆனால் அந்த அனுமானத்தை உடையவனோடு நிறுத்திக்கொள்வதற்குச் சட்டத்துக்குக் காரணம் உண்டு, தர்மத்துக்கு இல்லை. நிலத்தை அவன் திருத்தியது செம்பனைக்காக, செம்பனை எண்ணெய்க்காக, அந்த எண்ணெய் நம் வடைச்சட்டியிலும், பிஸ்கோத்திலும், சவர்க்காரத்திலும் இருக்கிறது. காகிதமும் அப்படியே. 2015 அக்டோபரில் ஃபேர்பிரைஸ் பேரங்காடி, ஏஷியா பல்ப் அண்ட் பேப்பர் நிறுவனத்தின் காகிதப் பொருள்களைத் தன் அடுக்குகளிலிருந்து எடுத்துவிட்டபோது, வாங்குகிறவனுக்கும் தீக்கும் சம்பந்தம் உண்டு என்பதை ஒரு கடையே ஒப்புக்கொண்டது. அதுவரையில் புகைமூட்டம் பற்றிய பேச்செல்லாம் படர்க்கையிலேயே நடந்துகொண்டிருந்தது; அங்கேதான் அது தன்மைக்குத் திரும்பிற்று. அளவுகருவி இந்தக் கடைசி அடியை எடுத்துவைக்காது, அது அதன் வேலையும் அன்று. 705 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் என் வீட்டு விளக்கு தெரியாது.

விளக்கைப் பற்றிய எண்ணம் அப்படித்தான் வந்தது. தீபாவளிக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்னதாக, சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து புறப்படும் தீமிதி பக்தர்கள் சௌத் பிரிட்ஜ் சாலை மாரியம்மனை நோக்கி நடக்கும் பருவத்தில், லிட்டில் இந்தியாக் கடைகளின் வாசலில் விளக்கேற்றும் எண்ணெய்ப் போத்தல்கள் இடுப்பளவுக்கு அடுக்கப்பட்டிருக்கும். மஞ்சள் நிறம்; முன்பக்கத்தில் ஒரு குத்துவிளக்கும் ஒரு தெய்வமும். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். எறும்பூர்ந்தாற்போன்ற எழுத்தில், தாவர எண்ணெய்க் கலவை என்பதற்குமேல் ஒரு சொல் இல்லை. இதில் செம்பனை உண்டா, எந்த ஊர்ச் செம்பனை என்று கடைக்காரரைக் கேட்டேன். கேள்வியின் விசித்திரத்தால் ஒரு கணம் திகைத்தவர், வாடிக்கையை இழக்க மனமில்லாதவராய் மிகுந்த அன்போடு சொன்னார்:

“சாமிக்குத்தானே அண்ணே, சாப்பிடவா போறீங்க?”